பாதியில் நிற்கும் பின்னல்: முடிப்பதா, பிரிப்பதா, வேறொன்றாக மாற்றுவதா?

புதுச்சேரியிலும் கடலூரிலும் பின்னல் ஊசியைக் கையில் எடுப்பதற்கு ஊர்க் குளிர் காரணமாக இருப்பது அரிது. பேரக்குழந்தை பெங்களூரிலோ பாரீஸிலோ பிறந்திருக்கும். மார்கழிப் பனியில் கைக்குழந்தைக்கு ஒரு குல்லா வேண்டியிருக்கும். கல்லூரிக்குப் போகும் பெண் யூடியூப் பார்த்துக் குரோஷாப் பை (ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுவது) ஒன்றைத் தொடங்கியிருப்பாள். தொடங்கியதெல்லாம் முடிவதில்லை. பீரோவின் அடித்தட்டில் ஒரு துணிப்பை, அதற்குள் கைப்பகுதி இணைக்காத ஸ்வெட்டர், ஒற்றைச் சாக்ஸ், ஊசியோடு நிற்கும் மஃப்ளர். இது பல வீடுகளில் உண்டு.

இதை என்ன செய்வது என்று கேட்பவர்கள் முடிப்பது, பிரிப்பது என்ற இரண்டு வழிகளை மட்டுமே யோசிக்கிறார்கள். வழிகள் ஐந்து: இருப்பதை அப்படியே முடிப்பது, பிழை நேர்ந்த வரிவரை பிரித்துத் திருத்துவது, முழுதும் பிரித்து நூலை மீட்பது, வேறு பொருளாக மாற்றுவது, முறையாகக் கட்டி ஓரமாக வைப்பது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குல்லா, பூட்டி (கைக்குழந்தையின் பின்னல் காலணி), சாக்ஸ் போன்ற சின்ன வேலைகளில் அளவு தவறியிருந்தால் தயங்காமல் முழுதும் பிரியுங்கள். ஸ்வெட்டர், போர்வை போன்ற பெரிய வேலைகளில் பிழைவரை மட்டும் பிரிப்பதே பெரும்பாலும் லாபம். ஊசியில் மாட்டியபடி அப்படியே விட்டுவைப்பது செலவில்லாத வழிபோலத் தோன்றும். இந்தக் கடற்கரையில் நூலும் ஊசியும் சேர்ந்து பாழாவது அந்த வழியில்தான்.

## முடிவெடுக்குமுன் பார்க்க வேண்டியவை

ஏன் நின்றது? மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விக்கே எடை அதிகம். பிழை விழுந்து நின்றதா, நூல் தீர்ந்து நின்றதா, அளவு சரியில்லை என்று தெரிந்து நின்றதா, அலுத்துப்போய் நின்றதா, யாருக்காகத் தொடங்கினோமோ அவருக்கு இனி தேவையில்லையா? அலுப்பில் நின்றதை முடிக்கலாம். அளவு தவறி நின்றதை முடித்தால் யாரும் போடாத ஒரு பொருள் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

நூல் எது? கடையில் உல்லன் என்று கேட்டு வாங்கியது பெரும்பாலும் அக்ரிலிக்காகத்தான் இருக்கும். லேபிள் தொலைந்திருந்தால் 5 செ.மீ. நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். உருகிக் கறுத்து, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றால் அக்ரிலிக். முடி கருகும் வாடை வந்து, விரலால் நசுக்கினால் பொடியானால் ஆட்டுக் கம்பளி. காகிதம் எரியும் வாடையும் மெத்தென்ற சாம்பலும் வந்தால் பருத்தி. கலப்பு நூலில் இரண்டு குணமும் சேர்ந்து தெரியும். எந்த நூல் என்று தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும், ஏனென்றால் மூன்றும் பிரிக்கும்போது மூன்று விதமாக நடந்துகொள்கின்றன.

எவ்வளவு நூல், எவ்வளவு நேரம் மீதி? சமையலறைத் தராசு போதும். 1 கிராம் காட்டும் தராசில் ஒரு வரியை நிறுக்க முடியாது. பத்து வரி பின்னுவதற்கு முன்னும் பின்னும் உருண்டையை நிறுங்கள். பத்து வரிக்கு 7 கிராம் போகிறது, கையில் 31 கிராம் இருக்கிறது என்றால் இன்னும் 44 வரி வரும். கடைசியில் கண்ணிகளை (ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை) மூட, துண்டின் அகலத்தைப்போல் நான்கு மடங்கு நீள நூலை ஒதுக்க வேண்டும். 50 வரி தேவைப்படும் இடத்தில் 44 வரிதான் வரும் என்றால், 10 செ.மீ.க்கு 30 வரி விழும் பின்னலில் குறைவது 2 செ.மீ. மஃப்ளரில் 2 செ.மீ. குறைந்தால் யாருக்கும் தெரியாது. அதற்காகப் புது உருண்டை தேடி அலைய வேண்டாம்.

நேரத்தையும் இப்படியே கணக்கிடலாம். 88 கண்ணி உள்ள இரண்டு வரிக்கு எட்டு நிமிடம் ஆகிறது, 60 வரி பாக்கி என்றால் நான்கு மணி நேரம். மலைபோலத் தெரிந்த வேலை, எண்ணிப் பார்த்தால் நான்கைந்து மாலைகளில் முடிகிற காரியமாக இருக்கும்.

அளவு இன்னும் பொருந்துமா? பின்னலைத் தட்டையாக விரித்து, ஊசியையும் ஓரத்தையும் விட்டு நடுவில் 10 செ.மீ. இடத்தில் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 22 வர வேண்டிய இடத்தில் 24 வந்தால் இரண்டுதானே என்று தோன்றும். 110 கண்ணி உள்ள துண்டு 50 செ.மீ. வர வேண்டியது 45.8-ல் நிற்கும். முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்தால் சுற்றளவில் 8 செ.மீ.க்கு மேல் போய்விடும்.

குழந்தை வளர்வதையும் கணக்கில் சேருங்கள். தலைச்சுற்றளவு பிறந்தபோது ஏறத்தாழ 35 செ.மீ., ஆறாம் மாதம் 43, ஒரு வயதில் 46. வளைகாப்பின்போது தொடங்கிய குல்லா இன்னும் பாதியில் இருந்தால், அது இனி அந்தக் குழந்தைக்கு இல்லை. அடுத்த குழந்தைக்கு ஆகும் என்று வைப்பது தவறில்லை, ஆனால் அப்போது அதை முடித்து வையுங்கள்.

எங்கே உபயோகமாகும்? முழுக்கை அக்ரிலிக் ஸ்வெட்டர் நம் ஊரில் மார்கழி, தையில் சில விடிகாலைகளுக்குத்தான். ஊட்டிக்கோ வெளிநாட்டுக்கோ போகிற பொருள் என்றால் முடிப்பதற்கு நியாயம் இருக்கிறது. உள்ளூரிலேயே இருக்கப்போகிறது என்றால் அந்த நூல் வேறு உருவத்தில் அதிகம் உழைக்கும்.

## வழி 1: இருப்பதை அப்படியே முடிப்பது

அலுப்பில் நின்றது, வேலையில் பாதிக்கு மேல் ஆகிவிட்டது, அளவு சரி, நூல் போதும். இந்த நான்கும் கூடினால் வேறு வழியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இங்கே மறைந்திருக்கும் செலவு மூன்று. முதலாவது சாய வேறுபாடு. லேபிளில் நிற எண்ணோடு, ஒரே தடவையில் சாயமிட்ட நூலைக் குறிக்கும் சாயத் தொகுதி எண் ஒன்றும் இருக்கும். நிற எண் ஒன்றாக இருந்து தொகுதி மாறினால், கடை விளக்கில் தெரியாத வித்தியாசம் வெயிலில் பட்டையாகத் தெரியும். ஆறேழு மாதம் கழித்துப் போனால் அதே தொகுதி கிடைப்பது அபூர்வம். கிடைக்காதபோது பழைய உருண்டையில் இரண்டு வரி, புது உருண்டையில் இரண்டு வரி என்று மாற்றி மாற்றி எட்டு வரி பின்னிவிட்டுப் புதியதற்கு மாறுங்கள். ஒவ்வொரு வரியாக மாற்றினால் நூல் எதிர்ப்பக்க ஓரத்தில் மாட்டிக்கொள்ளும், அதனால்தான் இரண்டிரண்டு. இன்னும் நல்லது, புது நூலைக் கழுத்துப்பட்டி, கைமுனை, பொத்தான் பட்டி ஆகிய இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது. பின்னல் வகை மாறும் இடத்தில் கண் நிற வித்தியாசத்தைத் தேடாது.

இரண்டாவது, கை மாறியிருக்கும். இடைவெளிக்குப் பிறகு எடுத்தால் பிடி இறுகியோ தளர்ந்தோ இருக்கும். ஸ்வெட்டரின் இரண்டாவது கை முதல் கையைவிடச் சிறிதாகவோ பெரிதாகவோ வரும். பழைய துண்டிலேயே தொடராமல் தனியாக 30 கண்ணி போட்டு 20 வரி பின்னி அளந்து பாருங்கள். இறுகியிருந்தால் ஓர் எண் தடித்த ஊசிக்கு மாறினால் போதும்.

மூன்றாவது, முடிக்கும் வேலையே ஒரு வேலை. துண்டுகளை இணைப்பது, நூல் முனைகளை உள்ளே 8 செ.மீ. ஓட்டி மறைப்பது, அலசி அளவுக்கு விரித்துக் காயவைப்பது, பொத்தான் தைப்பது. இதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்காததால்தான் பல ஸ்வெட்டர்கள் துண்டு துண்டாகவே நிற்கின்றன. பொத்தான் உலோகமாக இருக்க வேண்டாம், இங்கே துரு சீக்கிரம் பிடிக்கும். தேங்காய்ச் சிரட்டைப் பொத்தானோ பிளாஸ்டிக்கோ போதும். கைக்குழந்தைப் பொருளானால் பொத்தானே இல்லாமல் பின்னுவது நல்லது. கையுறையின் உட்பக்கம் நூல் இழை எதுவும் வளையமாகத் தொங்கக் கூடாது. குழந்தையின் விரலில் சுற்றி இறுகிவிடும்.

## வழி 2: பிழைவரை பிரித்துத் திருத்துவது

பிழையைக் கண்டதும் ஊசியை உருவி நூலை இழுக்காதீர்கள். எல்லாப் பிழைக்கும் ஒரே மருந்து கிடையாது.

ஒரு கை தூரத்தில் பிடித்துப் பார்க்கும்போது தெரியாத பிழை, தையல் ஓரத்துக்கு அருகில் வரும் பிழை, எண்ணிக்கையைக் கெடுக்காத பிழை, இவற்றை அப்படியே விடலாம். நிட் (நேர்க் கண்ணி) வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பர்ல் (எதிர்க் கண்ணி) விழுந்திருந்தால், அந்த ஒரு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டு, பிழைவரை ஏணிபோல் இறக்கி, மெல்லிய குரோஷா ஊசியால் படி படியாக ஏற்றிவிடலாம். படிகளை வரிசை தப்பாமல் எடுக்க வேண்டும். ஒரு படி விட்டுப்போனால் பின்பக்கம் நூல் ஒன்று தொங்கும். தவறி விழுந்த கண்ணிக்கும் இதே வழிதான். ஆனால் கண்ணி விழுந்தது தெரியாமல் அதற்கு மேல் பல வரி பின்னியிருந்தால், ஏற்றிய இடம் இறுகிச் சுருங்கும். பக்கத்துக் கண்ணிகளை ஊசி நுனியால் சிறிது சிறிதாக இழுத்துத் தளர்த்தினால் ஒருமுறை அலசியதும் சமமாகிவிடும்.

பிழை ஒன்றிரண்டு வரிக்குள் இருந்தால் கண்ணி கண்ணியாகப் பின்னோக்கி எடுங்கள். அதற்கும் கீழே என்றால் காப்பு நூல் கோத்துவிட்டுப் பிரியுங்கள்:

1. பின்னலின் நிறத்திலிருந்து வேறுபட்ட, வழவழப்பான பருத்தி நூலை மொட்டை ஊசியில் கோக்கவும். உல்லன் நூல் வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும்.
2. பிழைக்கு இரண்டு வரி கீழே, ஒரே வரியில், ஒவ்வொரு கண்ணியின் வலது காலுக்கு (வளையத்தின் வலப்பக்க இழைக்கு) அடியிலும் ஊசியை நுழைத்து ஓரம் முதல் ஓரம்வரை ஓட்டவும்.
3. நூலில் ஏறிய கண்ணிகளை எண்ணவும். அந்த வரியில் இருக்க வேண்டிய எண்ணிக்கை வராவிட்டால் ஊசி எங்கோ வரி தாண்டியிருக்கிறது. நூலை உருவி மறுபடி ஓட்டவும்.
4. எண்ணிக்கை சரியான பிறகு பின்னல் ஊசியை உருவி, நூலை மெதுவாக இழுத்துப் பிரிக்கவும். காப்பு நூலில் வந்து தானாக நிற்கும்.
5. வழக்கமான ஊசியைவிட மெல்லியது ஒன்றால் கண்ணிகளை எடுக்கவும். 8-ம் எண்ணில் பின்னியதை 11-ம் எண்ணால் எடுத்து, அடுத்த வரியைப் பின்னும்போது 8-க்கு மாற்றவும்.

எடுத்த கண்ணி ஒவ்வொன்றிலும் வலது கால் ஊசிக்கு முன்பக்கம் இருக்க வேண்டும். இடது கால் முன்னால் இருந்தால் கண்ணி திரும்பியிருக்கிறது. அப்படியே பின்னினால் அந்த வரி மட்டும் முறுக்கிக்கொண்டு தெரியும். பிரித்துப் பின்னிய இடம் கோடாகத் தெரிகிறது என்று வருந்துபவர்கள் பலருக்கும் காரணம் இதுதான்.

அளவு தவறியதற்கான காரணத்தையும் இங்கேயே தேடுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகளில் பழைய பிரிட்டிஷ் எண்முறை இருக்கும்: எண் கூடக்கூட ஊசி மெலியும். 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. அமெரிக்க எண்முறை இதற்கு நேர்மாறு, அங்கே 8 என்றால் 5 மி.மீ. அமெரிக்க வீடியோவைப் பார்த்து நம் கடையின் 8-ம் எண்ணை எடுத்தால் முழு மி.மீ. மெலிந்த ஊசியில் பின்னுகிறீர்கள். குரோஷாவிலும் அதே வம்பு: அமெரிக்க முறையில் டபுள் குரோஷே என்பது பிரிட்டிஷ் முறையில் ட்ரெபிள். எண்ணையும் பெயரையும் நம்பாமல் மி.மீ. அளவைப் பாருங்கள். காரணம் தெரியாமல் பிரித்துப் பின்னினால் அதே தவறு அதே இடத்தில் வந்து நிற்கும்.

குரோஷாவில் இந்த வழி மிக எளிது. திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி, இழுத்துக்கொண்டே போய் வேண்டிய இடத்தில் ஊசியை மாட்டலாம். லேஸ் பின்னலில் மட்டும், காப்பு நூல் இல்லாமல் ஒரு வரிகூடப் பிரிக்காதீர்கள். துளைக்காகச் சுற்றிய நூல் அவிழ்ந்தால் எது கண்ணி, எது துளை என்று கண்டுபிடிக்க முடியாது.

## வழி 3: முழுதும் பிரித்து நூலை மீட்பது

40 கிராம் நூல் பிடிக்கும் குல்லாவைப் பிரிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. ஆறு மாதக் குழந்தையின் 43 செ.மீ. தலைக்கு 40 செ.மீ. சுற்று போதும், பின்னல் இழுத்துக்கொடுக்கும். 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்றால் 88 கண்ணி போட்டுப் புதிதாகத் தொடங்கலாம். சிறியதாகிப்போன குல்லாவை எப்படியாவது பெரிதாக்க முயல்வதைவிட இது குறைந்த வேலை.

தைத்து இணைத்திருந்தால், நல்ல பகல் வெளிச்சத்தில் தையல் நூலை மட்டும் தேடி வெட்டுங்கள். பின்னல் நூல் ஒன்றை வெட்டிவிட்டால் பிரிப்பது முழுக்கத் துண்டு துண்டாக வரும். கண்ணி மூடிய முனையிலிருந்துதான் பிரிய வேண்டும். தொடங்கிய முனையிலிருந்து இழுத்தால் ஒவ்வொரு கண்ணியிலும் சிக்கும்.

பிரித்த நூல் நூடுல்ஸ்போலச் சுருண்டிருக்கும். அதிலேயே மறுபடி பின்னினால் கண்ணி ஏறுக்குமாறாக வரும், மாதிரித் துண்டு காட்டும் அளவும் பொய்யாக இருக்கும், அலசியதும் நீண்டுவிடும். எனவே நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடத்தில் தளர்வாகப் பருத்தி நூலால் கட்டுங்கள். கொஞ்சம் ஷாம்பு கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கம்பளியானால் தேய்க்கவோ சூடான நீரில் போடவோ கூடாது, கட்டியாகிவிடும். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்து நிழலில் தொங்கவிடுங்கள். இரும்புக் கம்பிக் கொடி வேண்டாம். கடற்காற்றில் அதில் துரு இல்லாமல் இருக்காது, அந்தக் கறை நூலிலிருந்து போகவே போகாது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் எடுங்கள். நூலில் உப்பு தங்கினால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

கம்பளியும் பருத்தியும் ஊறினால் நேராகும். அக்ரிலிக் தண்ணீரில் பாதிதான் நேராகும். மீதிக்கு ஆவி காட்டலாம், ஆனால் இஸ்திரிப் பெட்டி நூலைத் தொடக் கூடாது. சூடு அதிகமானால் அக்ரிலிக் பளபளத்துத் துவண்டுவிடும், பிறகு அதற்கு உயிர் வராது. பொம்மைக்கு வாங்கும் வெல்வெட் நூல் பிரிக்கப் பிரிக்கப் பஞ்சு உதிர்ந்து வழுக்கையாகும். இரண்டாவது முறை பிரிப்பது வீண். மொஹேர் போன்ற மயிர் நூலும் அப்படியே, இழைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்.

இந்த வழியின் செலவு காயும் நேரத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தடித்த பருத்திச் சிட்டம் இரண்டு மூன்று நாளானாலும் காயாமல் முடைநாற்றம் எடுக்கும். மழைக்காலத்தில் பிரித்துச் சுற்றி மட்டும் வையுங்கள். அலசுவதைத் தை, மாசி வெயிலுக்கு விடுங்கள்.

## வழி 4: வேறு பொருளாக மாற்றுவது

துண்டு நன்றாக வந்திருக்கிறது, பயன்தான் போய்விட்டது என்றால் இது நல்ல வழி. 80 செ.மீ.யில் நின்ற மஃப்ளரின் இரு முனையையும் இணைத்தால் கழுத்து வளையம். ஸ்வெட்டரின் முதுகுத் துண்டு தலையணை உறைக்கு ஒரு பக்கம் ஆகும், மறுபக்கம் பழைய வேட்டித் துணி. குரோஷாச் சதுரங்கள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பை. லேஸ் துண்டு கொலுப் படியில் விரிப்பாகும். பச்சையும் பழுப்புமாக மீந்த நூல், டிசம்பரில் குடில் வைக்கும் வீடுகளில் புல்லாகவும் கூரையாகவும் போய்ச் சேரும்.

20 செ.மீ. சதுரமாக நின்ற பருத்தித் துண்டு பாத்திரம் துடைக்கவும் இரண்டடுக்காகத் தைத்தால் சட்டி பிடிக்கவும் ஆகும். சட்டி பிடிக்கும் துணிக்கு அக்ரிலிக்கை ஒருபோதும் எடுக்காதீர்கள். சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

மறைமுகச் செலவு உள்துணி, ஜிப், தையல் கூலி. பின்னல் இழுபடும், எனவே உள்துணி இல்லாத பை ஒரு வாரத்தில் முழங்கால்வரை தொங்கும். பின்னலை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வெட்டும் கோட்டின் இரு பக்கமும் மெஷினில் ஜிக்ஜாக் இரண்டு முறை ஓட்டிவிட்டு நடுவில் வெட்டவும். கம்பளி இதற்கு நன்றாகத் தாங்கும். வழுக்கும் அக்ரிலிக் தையலுக்கு உள்ளேயே நழுவிப் பிரியலாம், அதை வெட்டாமல் மடித்துத் தைப்பது உத்தமம்.

## வழி 5: முறையாகக் கட்டி ஓரமாக வைப்பது

கண் அறுவை, பிரசவம், பரீட்சை என்று காரணம் தற்காலிகமானால் வைக்கலாம். எப்படி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஊசியை எடுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் ஊசியில் நின்ற வரி அகன்று கோடாகத் தங்கும், எஃகு ஊசி துருவேறிக் கறை விடும், அலுமினிய ஊசி சாம்பல் நிறத் தடம் விடும். கண்ணிகளைப் பருத்தி நூலுக்கு மாற்றி இரு முனையையும் முடிச்சிடுங்கள். ஊசி எண், மி.மீ., எந்த வரியில் நின்றது, அடுத்து என்ன, மாதிரிப் படம் எங்கே, தேதி, இவற்றைப் பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி லேபிளோடு சேர்த்து வையுங்கள். பேனா மை ஈரத்தில் கசியும்.

வியர்வையோ உணவுக் கறையோ பட்டிருந்தால் அலசிக் காயவைத்த பிறகே உள்ளே வையுங்கள். பூச்சி முதலில் அந்த இடத்தைத்தான் தேடும். கம்பளியைத் துணி அந்துப்பூச்சியின் புழு தின்னும். பருத்தியை வெள்ளிப்பூச்சி அரிக்கும். சுத்தமான அக்ரிலிக்கைப் பூச்சி பெரும்பாலும் தொடாது. துளி ஈரம்கூட இல்லை என்றால் மட்டும் காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும். சந்தேகம் இருந்தால் துணிப்பை. காய்ந்த வேப்பிலையும் வசம்பும் பூச்சியை அண்டவிடாமல் தள்ளிவைக்க உதவலாம், உள்ளே ஏற்கெனவே இருக்கும் புழுவைக் கொல்லாது. குழந்தை உடுப்புக்குப் பக்கத்தில் பாச்சை உருண்டையை வைக்கவே கூடாது. அதிலுள்ள நாப்தலீன் ஏறிய துணியால் ஜி6பிடி என்ற நொதி குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து ஆபத்து நேரலாம்.

பையைத் தரையில் வைக்காதீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். பீரோவின் மேல்தட்டு நல்லது.

கெடு ஒன்றும் வையுங்கள். போகி பொருத்தமான நாள். அன்று வரைக்கும் எடுக்காததை முதல் நான்கு வழிகளில் ஒன்றுக்கு அனுப்புங்கள், அல்லது பின்னத் தெரிந்த ஒருவருக்கு ஊசி எண்ணோடு கொடுத்துவிடுங்கள். நெருப்பில் மட்டும் போட வேண்டாம், அக்ரிலிக் புகை நச்சு.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | மறைந்திருக்கும் செலவு | எப்போது வேண்டாம் |
|---|---|---|---|
| முடிப்பது | அலுப்பில் நின்றது, அளவு சரி | சாய வேறுபாடு, இணைக்கும் வேலை | குழந்தை வளர்ந்துவிட்டால் |
| பிழைவரை பிரிப்பது | பெரிய வேலை, பிழை மேல்வரிகளில் | பொறுமை, கண்ணி திரும்புவது | பிழை அடிவரியில் என்றால் |
| முழுதும் பிரிப்பது | சின்ன வேலை, நல்ல நூல் | அலசிக் காயவைப்பது | வெல்வெட், மொஹேர் நூல் |
| மாற்றுவது | துண்டு நன்று, பயன் இல்லை | உள்துணி, தையல் கூலி | அளவுக்கு வெட்டியே ஆக வேண்டிய அக்ரிலிக் |
| ஓரமாக வைப்பது | காரணம் தற்காலிகம் | ஈரம், பூச்சி, மறதி | வேலை ஏன் நின்றது என்றே தெரியாதபோது |

## எல்லைக்கோட்டில் நிற்கும் சில

ஒற்றைச் சாக்ஸ்: முதல் சாக்ஸ் காலுக்குச் சரியாக இருந்தால் இரண்டாவதை முடியுங்கள். முதலாவதை நிறுத்தால் இரண்டாவதற்குத் தேவையான நூல் தெரிந்துவிடும். 48 கிராம் எடை, கையில் 40 கிராம் என்றால், விரல் பகுதி வேறு நிறத்தில் வரட்டும். முதல் சாக்ஸின் விரல் பகுதியையும் பிரித்து அதே நிறத்தில் பின்னினால் ஜோடியாகிவிடும்.

பருத்தியில் தொடங்கிய பெரிய ஸ்வெட்டர்: இது தன் பாரத்திலேயே நீளும். முடித்ததும் நான்கைந்து செ.மீ. இறங்கினால் வியப்பில்லை. பின்னியவரை ஒரு நாள் தொங்கவிட்டு அளந்து பாருங்கள். அதிகம் இறங்கினால் கையில்லாத சின்னச் சட்டையாக நிறுத்திவிடுவது நல்லது, நம் வெயிலுக்கு அதுதான் உடுத்தவும் ஆகும்.

கைக்குழந்தைக் குல்லா: வெளியே எடுத்துப் போகும்போது மட்டும் போடும் பொருள் இது. வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லா போட்டால் உடல் சூடேறிவிடும். எனவே அக்ரிலிக்கில் நின்றிருக்கும் குல்லாவைவிடப் பருத்தியில் புதிதாகத் தொடங்குவதே நம் ஊருக்குச் சரி.

நூல் தீர்ந்து நின்றவை: புதுச்சேரி நேரு வீதிக்கோ கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவுக்கோ போகுமுன் லேபிளின் நிற எண்ணையும் தொகுதி எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு 30 செ.மீ. நூல் ஒன்றையும் கையில் கொண்டுபோங்கள். நிறத்தைக் கடைக்குள் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். பிறகு இரண்டு நூலையும் ஒன்றை ஒன்றில் கொக்கிபோல் மாட்டி, விரலால் முறுக்கிப் பார்த்துத் தடிமனையும் சரிபாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே பருமனாக இருந்தால் வாங்கலாம். நிறம் பொருந்தித் தடிமன் பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள். நிற வித்தியாசத்தைப் பட்டையாக்கி அழகு என்று சொல்லிக்கொள்ளலாம், தடிமன் வித்தியாசம் துண்டின் அகலத்தையே மாற்றிவிடும்.